காலைக் கச்சேரியில் தம்புரா மட்டும் ஏன் காணாமல் போகிறது?

சென்னையிலிருந்து 68 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பேரும் பேட்டையும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதையெல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பள்ளி நாட்களில் வீணை கற்றவர், இரண்டு மாதம் முன்பு இரண்டு காதுக்கும் ஹியரிங் எய்ட் போட்டுக்கொண்டவர். போன மாதம் ஒரு ஞாயிறு காலை 10 மணிக்கு, அறுபது எழுபது பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன ஹாலில் மைக்கே இல்லாத வீணைக் கச்சேரிக்குப் போயிருக்கிறார். முதல் முக்கால் மணி நேரம் ஒருவர் தோடி ராகத்தின் கமகங்களை, அதாவது சுர அசைவுகளைப் பற்றிப் பேசப்பேச வீணைக் கலைஞர் வாசித்துக் காட்டினார், அப்புறம் ஒரு மணி நேரம் கச்சேரி.

உரையில் பாதி புரியவில்லை. "பேசுகிறார் என்று தெரிகிறது, என்ன பேசுகிறார் என்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்து வைத்தேன்" என்று எழுதியிருக்கிறார். கச்சேரி ஆரம்பித்ததும் தம்புரா வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. வீணையில் மேல் ஸ்தாயிக்குப் போனபோது சுரம் நடுங்குவதுபோலவும், கொஞ்சம் அபஸ்வரமாகவும் கேட்டதாம். பக்கத்து இருக்கைத் தோழியிடம் "தந்தி சரியாகச் சேரவில்லை போல" என்று சொல்ல, அவர் ஒருமாதிரி பார்த்திருக்கிறார். பாதியில் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாராம். வீணை மெதுவாக, ஆனால் அழகாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து சொன்னால் வெளிநாட்டில் இருக்கும் மகன் இதைவிட விலை கூடிய மெஷின் வாங்கித் தருகிறேன் என்கிறார், தங்கையோ மெஷினைப் போடப்போடக் காது சோம்பேறியாகிவிடும் என்கிறார். இனிமேல் இந்த மாதிரி நிகழ்ச்சிக்கே போகவேண்டாம், டிசம்பர் சீசனையும் விட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கப்புறம் எனக்கு எழுதியிருக்கிறார்.

அம்மா, அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நீங்கள் சொன்னவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே மெஷினின் செட்டிங்கில் வருகிற கோளாறு, உங்கள் இசைக்காதுக்கு வந்த கோளாறு இல்லை. தம்புரா போய்ப்போய் வருகிறது என்று கவனித்து எழுதுகிற காது நல்ல காதுதான்.

நீங்கள் அனுப்பிய ஆடியோகிராமை, அதாவது கேட்புச் சோதனை வரைபடத்தைப் பார்த்தேன். அதில் டெசிபல் எண் கூடக்கூடக் கேட்புக் குறைவும் கூடுதல். 250, 500 ஹெர்ட்ஸில் 20, 25 டெசிபல், அதாவது ஏறக்குறைய சாதாரணம். 1000-ல் 35, 2000-ல் 50, 4000-ல் 65, 8000-ல் 75. இரண்டு காதும் ஏறத்தாழ ஒரே மாதிரி. வயதோடு வரும் கேட்புக் குறைவின் அச்சு அசல் வடிவம் இது, கனத்த ஒலிகள் தங்கும், கீச்சென்ற கூரான ஒலிகள் போகும். இதை வைத்தே அன்று காலை நடந்தது முழுவதையும் விளக்கிவிடலாம். வீணையை 3 கட்டைச் சுருதியில் சேர்த்திருந்தால், முதன்மையாக வாசிக்கும் சாரணித் தந்தியைச் சும்மா மீட்டும்போது வருவது சுமார் 165 ஹெர்ட்ஸ். 24 மெட்டும் (தந்திக்கு அடியில் உள்ள குறுக்குக் கம்பிகள்) ஏறி இரண்டு ஸ்தாயி மேலே போனாலும் 660 ஹெர்ட்ஸ்தான், தந்தியை இழுத்து வாசித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக வீணையின் அடிப்படைச் சுரங்கள் எல்லாம் உங்கள் காது நன்றாக இருக்கிற பகுதியிலேயே விழுகின்றன. மெஷினைக் கழற்றியதும் வீணை அழகாகக் கேட்டதற்குக் காரணம் இவ்வளவுதான். பேச்சில் ச, ஷ, ஸ போன்ற உரசல் ஒலிகளின் வலு 3000, 4000 ஹெர்ட்ஸையும் தாண்டி இருக்கிறது. க், த், ப் வருவதும் போவதும் கண்ணிமைக்கும் நேரம். உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும். பேசுவது தெரிந்து பேசியது தெரியாமல் போவது அதனால்தான்.

மெஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது

கடையில் யாரும் உங்களிடம் இதை உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹியரிங் எய்டை முதல் தடவை பொருத்தும்போது கம்ப்யூட்டர் அதில் ஏற்றுவது பேச்சுக்கான கணக்கு. எது பேச்சு, எது இரைச்சல் என்று அது எப்படித் தீர்மானிக்கிறது தெரியுமா? பேச்சு ஏறி இறங்கும், நடுநடுவே நிற்கும். மின்விசிறி, ஏசி, கிரைண்டர் எல்லாம் ஒரே சீராக ஓடும். எனவே ஒரே சீராக ஓடுவதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். இப்போது தம்புராவை நினைத்துப் பாருங்கள். ஒரே சீராக நிற்கவேண்டும் என்பதற்காகவே உள்ள ஒரு வாத்தியம் அது! மெஷின் அதை ஏசி என்று நினைத்துக் குறைக்கிறது, வீணையும் மிருதங்கமும் சேர்ந்து ஒலிக்கும்போது குழம்பித் தளர்த்துகிறது, மறுபடி குறைக்கிறது. நீங்கள் கேட்ட வருவதும் போவதும் இதுதான். சுருதிப் பெட்டியாக இருந்திருந்தால் இன்னும் மோசம், மீட்டும் விரல்கூட அதில் கிடையாது.

இன்னொரு விஷயமும் உண்டு. தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரையின்மேல், தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி ஜீவாளி வரவழைப்பார்கள் அல்லவா, அந்த ரீங்காரத்தின் மினுமினுப்பு முழுவதும் மேல் அலைவரிசைகளில் இருக்கிறது. உங்கள் காது இழந்ததும் அதே இடத்தைத்தான். மெஷின் இல்லாமல் கேட்டால் தம்புரா இருக்கும், ஜீவாளி மங்கும். அதனால் கழற்றிவைப்பதை முழுத் தீர்வாக நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் அப்படியே கேட்டுப் பழகிவிட்டால் தம்புரா என்றால் இவ்வளவுதான் என்று ஆகிவிடும்.

அப்புறம் கம்ப்ரெஷன் என்று ஒன்று. சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி, பெரிய சத்தத்தைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு. வீட்டில் பேத்தி கிசுகிசுப்பதும் குக்கர் விசில் அடிப்பதும் ஒரே மெஷினுக்குள் வரவேண்டுமென்றால் இது இல்லாமல் முடியாது. ஆனால் கச்சேரியில் மிருதங்கத்தில் ஒரு சாப்பு விழுந்தால் மெஷின் சட்டென்று சத்தத்தைக் குறைக்கும், அந்தக் கணத்தில் வீணையும் கூடவே கொஞ்சம் அமுங்கும். தோடி காந்தாரத்தின் அசைவை ஒருவர் பொறுமையாக வாசித்துக் காட்டும்போது இப்படி ஏற்ற இறக்கம் குறுக்கே வந்தால் உங்களைப் போல வாசித்துப் பழகியவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

அபஸ்வரம் யாருடையது?

கலைஞருடையது இல்லை என்றே நினைக்கிறேன். தோழியின் பார்வைக்கும் அதுதான் அர்த்தமாக இருக்கும். மூன்று காரணங்கள் இருக்கலாம், முதலாவதுதான் பெரும்பாலும் நடப்பது.

மெஷின் விசில் அடிக்காமல் இருக்க உள்ளே ஒரு தடுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். விசில் என்பது ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும் ஒலி. வீணையின் மேல் ஸ்தாயி சட்ஜமமும் அப்படித்தான், புல்லாங்குழலும் வயலினும் இன்னும் அப்படி. தடுப்பு ஏமாந்துபோய் அந்தச் சுரத்தையே விசில் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். அப்போது சுரம் நடுங்கும், பின்னாலேயே ஒரு வால் முளைத்த மாதிரி ஒலிக்கும். நீங்கள் எழுதிய நடுக்கம் அச்சாக இதுதான்.

இரண்டாவது, மேல் அலைவரிசைகளை அப்படியே கீழே இறக்கிக் கொடுக்கும் ஒரு வசதி. உங்களைப் போல 4000-க்கு மேல் சரிவு இருப்பவர்களுக்கு ச, ஸ கேட்கட்டும் என்று போட்டுவிடுவார்கள். பேச்சுக்கு உதவும். இசையில் அது சுரத்தின் மேல் அடுக்குகளை இடம் மாற்றிப் போடுவதால் சுருதியோடு ஒட்டாமல் கரகரக்கும். சங்கீதம் கேட்கிறவருக்கு இதை இசைக்கான செட்டிங்கில் விட்டுவைக்கவே கூடாது என்பது என் கட்சி.

மூன்றாவது காதுக்குள்ளேயே இருக்கலாம். கேட்புக் குறைவு உள்ள சிலருக்கு ஒரே சுரம் இரண்டு காதிலும் லேசாக வேறு வேறு சுருதியில் கேட்கும். சாதாரண ஆட்கள் கவனிக்கவே மாட்டார்கள், இசை தெரிந்தவர்கள் பிடித்துவிடுவார்கள். வீட்டிலேயே பார்க்கலாம்: மெஷினைக் கழற்றிவிட்டு, போனில் தம்புரா செயலியைப் போட்டு, ஒரு காதை மூடிக்கொண்டு சட்ஜமத்தைக் கேளுங்கள், பிறகு மற்றக் காதை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இந்தக் காரணத்தை மறந்துவிடலாம்.

ஆடியாலஜிஸ்டிடம் என்ன கேட்கவேண்டும்?

"கச்சேரியில் சரியாகக் கேட்கவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் வால்யூமைக் கூட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே மெஷினைப் பொருத்தித் தரும் ஆடியாலஜிஸ்டிடம் (கேட்பியல் நிபுணர்) சொல்லுங்கள், இசைக்கென்று தனியாக ஒரு புரோகிராம் வேண்டும் என்று கேளுங்கள். அதில் இரைச்சல் குறைப்பை அணைக்கவேண்டும், அலைவரிசை இறக்கத்தை அணைக்கவேண்டும், கம்ப்ரெஷனை மென்மையாக்கவேண்டும், முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக் அமைப்பை எல்லாப் பக்கமும் கேட்கும்படி மாற்றவேண்டும். விசில் தடுப்பை முழுக்க எடுக்கச் சொல்லாதீர்கள், குறைக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் அடுத்து ஒன்று சொல்லப்போகிறேன், இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

உங்கள் காதுக்குள் போகும் ரப்பர் முனை மூடிய வகை என்று எழுதியிருக்கிறீர்கள். கனத்த ஒலிகள் உங்களுக்கு இயல்பாகவே கேட்கும்போது அதை ஏன் அடைக்கவேண்டும்? துளை உள்ள திறந்த வகையைப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். வீணையின் கீழ்ப் பகுதி மெஷின் வழியாக வராமல் நேரடியாகக் காதுக்குள் போகும், நீங்களே முணுமுணுத்துப் பாடும்போது குடத்துக்குள் பாடுவதுபோல இருப்பதும் குறையும். திறந்த முனையில் விசில் வர வாய்ப்பு அதிகம், தடுப்பைச் சுத்தமாக எடுக்கமுடியாது என்றது அதனால்தான். எங்கே நிறுத்துவது என்பதை உட்கார்ந்து கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்யமுடியும். ஆகவே போகும்போது தம்புரா செயலியையும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீணைப் பதிவையும் எடுத்துக்கொண்டு போங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் தப்பில்லை, அது உங்கள் காசு.

இன்னொன்று கேளுங்கள்: ஒரு மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, மெஷின் போட்டிருக்கும்போது செவிப்பறை அருகே எவ்வளவு சத்தம் சேர்கிறது என்று அளக்கும் சோதனை உண்டு. பல இடங்களில் இதைத் தவிர்த்துவிட்டு கம்ப்யூட்டர் சொன்ன கணக்கோடு அனுப்பிவிடுகிறார்கள். செய்தார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் செய்யச் சொல்லுங்கள்.

உரையைப் பிடிப்பது எப்படி?

கச்சேரியைவிட உரைதான் உங்களுக்குக் கஷ்டம். மைக் கிடையாது, தரையெல்லாம் டைல்ஸ், பேசுகிறவர் பாதி நேரம் வீணைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறார். முகம் திரும்பினால் முதலில் குறைவது அந்தக் கூரான ஒலிகள்தான், உதட்டைப் பார்த்துப் பிடிக்கிற வசதியும் போய்விடுகிறது. நடுவில் உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் சீக்கிரம் போய் முதல் வரிசையைப் பிடியுங்கள். தூரம் பாதியானால் நேரடிச் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும், எந்த மெஷினும் இதைச் சும்மா தராது. மிருதங்கத்துக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம்.

அமைப்பாளர்களிடம் மைக் வைக்கச் சொல்லலாமா, அந்தச் சபையின் கொள்கையே மைக் இல்லாமல் கேட்பதுதானே என்று தயங்கியிருக்கிறீர்கள். ஸ்பீக்கரே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் மெஷினோடு பேசக்கூடிய ஒரு குட்டி ரிமோட் மைக்கைத் தனியாக விற்கின்றன, விரல் நீளம்தான் இருக்கும். உரை நிகழ்த்துபவரின் சட்டைக் காலரிலோ புடவைத் தலைப்பிலோ செருகிவிட்டால் அவர் பேசுவது நேராக உங்கள் காதுக்கு மட்டும் வரும், ஹாலில் வேறு யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. முன்கூட்டியே ஒரு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், அனுமதி கேட்காமல் நிகழ்ச்சி ஆரம்பிக்கிற நேரத்தில் கிளிப்போடு மேடைக்குப் போனால் யாருக்குமே சங்கடம். வாங்கும் முன் உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று பாருங்கள், இரண்டு மூன்று நாள் சோதனைக்குத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

உரைப் பகுதி முழுவதும் பேச்சுக்கான புரோகிராமிலேயே இருந்துவிடுங்கள். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், ஒரு பிடி பாடிக் காட்டுவார், வீணை அதைத் திருப்பிச் சொல்லும், அதற்குள் மறுபடி பேசுவார். ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் நீங்கள் மெஷினைத்தான் கவனிப்பீர்கள். அந்த முக்கால் மணியில் வீணை கொஞ்சம் முன்னே பின்னே கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். கச்சேரிக்காகச் சுருதி சேர்க்க ஆரம்பிக்கும்போது இசைப் புரோகிராமுக்கு மாற்றிவிட்டு அதிலேயே இருங்கள்.

பேச்சை எழுத்தாக்கும் போன் செயலிகளும் இருக்கின்றன, கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழிலும் வேலை செய்யும். ஆனால் தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கலந்து ஓடுகிற சங்கீத உரையில் ராகப் பெயர்களில் எல்லாம் கோட்டை விடும். கையோடு வைத்துக்கொள்ளலாம், நம்பி உட்காரமுடியாது.

டிசம்பரை விடவேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் சீசன் காலைகளில் நடக்கும் லெக்டெம்களில் (வாசித்தும் பாடியும் காட்டும் விளக்க உரைகள்) பேச்சு மைக் வழியாக வரும், பல பேர் திரையில் ஸ்லைடும் போடுவார்கள். ராகப் பெயர் கண்ணில் பட்டுவிட்டால் காது பாதி வேலையிலிருந்து தப்பித்துவிடும். உங்களுக்கு அந்த மைக் இல்லாத ஹாலைவிட இது சுலபம். முதலில் அகாடமியில் பழகிவிட்டு அந்தச் சின்ன ஹாலுக்குப் போகலாம். அகாடமி கான்டீனில் காபியோடு நடக்கும் விவாதம்தான் இவை எல்லாவற்றையும்விடக் கடினம், அங்கே புரியவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். நல்ல காதுக்காரர்களும் அங்கே ஊகித்துக்கொண்டுதான் தலையாட்டுகிறார்கள்.

மகனும் தங்கையும்

மகனுக்குச் சொல்லுங்கள்: விலை கூடினால் கூடுவது பெரும்பாலும் இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்கும் திறமை. இசைக்கு நாம் கேட்பது அந்தத் திறமைகளை அணைத்துவைப்பதை, அணைப்பதற்குக் கூடுதல் காசு தேவையில்லை. உங்களிடம் இருக்கும் நடுத்தர மெஷினில் கூடுதல் புரோகிராம்கள் வைக்க இடம் இருக்கிறது. முதலில் இதைச் சரியாக அமைத்துப் பார்த்து, அப்புறமும் போதவில்லை என்றால் பேசலாம். சத்தமான இசையை உள்ளே வாங்கும்போதே சில பழைய மெஷின்கள் நசுக்கிவிடும், நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் 100 டெசிபலைச் சுலபமாகத் தொடும் என்பதால் அங்கே அது பிரச்சினைதான். வீணைக்கு அந்தக் கவலை இல்லை. மகனுக்குச் செலவு செய்தே தீரவேண்டுமென்றால் அந்த ரிமோட் மைக்கை வாங்கித் தரட்டும்.

தங்கை சொல்வது பரவலாக உள்ள நம்பிக்கை, ஆனால் சரியில்லை. மெஷின் போடுவதால் காது சோம்பேறியாவதில்லை, கேட்புத் திறன் குறைவதும் இல்லை. சரியாகப் பொருத்திய மெஷின் காதைக் கெடுக்காது. உண்மையில் நேர்மாறு: வருடக்கணக்கில் கேட்காமல் விட்ட ஒலிகளை மூளை திரும்பப் பழகத்தான் நாளாகிறது. இரண்டு மாதம் என்பது அந்தப் பழக்கத்தின் நடுப்பாதிதான். தினமும் காலையில் ஒரு கால் மணி நேரம், தெரிந்த பதிவு ஒன்றை மெஷினோடு கேளுங்கள். வீணை இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துச் சுருதி சேர்த்து நீங்களே வாசியுங்கள், அதைவிட நல்ல சோதனை கிடையாது.

சட்டப்படி முன்வரிசை கேட்க உரிமை உண்டா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 டெசிபல் குறைவு இருந்தால்தான் கேட்கும் திறன் குறைந்தவர் என்கிறது. உங்கள் அளவு அதற்கு வெளியே, சான்றிதழ் கிடைக்காது. ஆனால் அறுபது பேர் வரும் ஒரு ஹாலில் "எனக்குக் காது கொஞ்சம் மந்தம், முன்னால் ஓர் இடம் வையுங்கள்" என்று சொல்லச் சான்றிதழ் எதற்கு? சொல்லத்தான் வேண்டும். சிரித்து வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் காட்டுங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று ஒன்றிரண்டு நாளில் மந்தமாகிவிட்டால், அல்லது ஒரு பக்கம் மட்டும் புதிதாக இரைச்சலும் தலைசுற்றலும் வந்தால், மெஷினைத் திருகிக்கொண்டு நாளைக் கடத்தாமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர்க் கேட்புக் குறைவுக்குச் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம். தம்புரா சோதனையில் இரண்டு காதுக்கும் சுருதி வேறாகக் கேட்டு, அது புதிதாக வந்தது என்று தோன்றினாலும் அவரிடமே போங்கள், என் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.